கீழேயிருந்து எடுத்த படம்

இரவு பதினொன்றரை மணி இருக்கும். ஊர் முடிந்து, கடைசித் தெருவிளக்கும் முடிந்து, பழைய சுரங்கத்துக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் மணல்... ஒரு ஸ்கூட்டர் வருகிறது. கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. என்ஜினை நிறுத்தியதும்தான் அங்கே எவ்வளவு அமைதி என்று தெரிகிறது. எங்கேயோ ஒரு தகரம் காற்றில் தட்டிக்கொண்டிருக்கிறது. டப்... டப்... அவ்வளவுதான்.

வந்தவள் ஒரு பெண். தனியாக வந்திருக்கிறாள். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு பேட்டரி.

போர்வையை இப்போதே இழுத்துக்கொள்ள வேண்டாம், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதையில் வழக்கமாக யாராவது அலறி அடித்துக்கொண்டு ஓடுவார்கள். இதில் யாரும் ஓடமாட்டார்கள். ஓடவில்லை என்பதுதான் கதையே.

அவள் என் நண்பனுக்குப் பெரியம்மா மகள். வீட்டில் அவளைப் படக்காரி என்பார்கள். கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவள் இல்லை. மண்ணுக்குள் இருப்பதைப் படமாக்குகிறவள். குழந்தையை உட்காரவைத்துத் தள்ளுவார்களே, அந்த மாதிரி ஒரு வண்டி. அடியில் ஒரு பெட்டி. பெட்டி தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே போகும், அலை எதிலாவது முட்டித் திரும்பும். எவ்வளவு தூரம் போனோம் என்று சக்கரம் அளக்கும், டிக் டிக் என்று ஒரு சத்தத்தோடு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தடவை தள்ளினால் அதற்கு ஒரு கோடு என்று பெயர். ஒரு கோட்டுக்கு ஒரு படம். நிலத்தைக் கத்தியால் நறுக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. உள்ளே ஒரு குழாயோ கல்லோ கிடந்தால் படத்தில் புருவம் போல ஒரு வளைவு விழும்.

பகலெல்லாம் வண்டி தள்ளுவாள். சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து அந்தப் படங்களைத் துடைத்து, நிறம் கொடுத்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி, நம்மைப் போன்ற ஆட்களுக்கும் புரிகிற மாதிரி செய்வாள். படத்தின் மூலையில் அவள் பெயர் இருக்கும். இதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம்.

இந்தத் துடைக்கிற விஷயத்தை மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த இயந்திரத்துக்கும் சொந்தமாக ஒரு முனகல் உண்டு. அது எல்லாப் படத்திலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டையாக விழும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். படம் முழுக்க மாறாமல் ஒரே மாதிரி ஓடுவது எதுவோ, அதை இயந்திரத்தின் முனகல் என்று கழித்துவிடுவார்கள். கழித்ததும் படம் பளிச்சென்று ஆகிவிடும். பல் துலக்குவது போல, யோசிக்காமல் செய்கிற காரியம்.

அவளுடைய அப்பா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் இரவு ஷிஃப்டுக்குப் போனார். திரும்பவில்லை. அந்த ஷிஃப்டுக்குப் போன ஒருவருமே திரும்பவில்லை. சுரங்கத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எல்லாரும் கூட்டாக ஓடிவிட்டார்களாம். சுரங்கத்து முற்றத்துக்கு அடியில் தங்கள் ஆட்கள் புதிதாக ஒரு சரிவு, சாய்வாக உள்ளே இறங்குகிற ஒரு வழி, வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்று வீட்டுப் பெண்கள் போய்ச் சொன்னார்கள். அப்படி ஒரு சரிவே கிடையாது என்று சாதித்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் சுரங்கமும் மூடியாயிற்று, முற்றம் மணல் போட்டுச் சமமாயிற்று. ஊர் முதலில் சந்தேகப்பட்டது. பிறகு அலுத்துப்போய் அதுவும் அதையே சொல்ல ஆரம்பித்தது. இவருக்கு வெளியூரில் வேறொரு குடும்பம், அவருக்குக் குடி என்று ஆளுக்கொரு காரணமும் கட்டிவிட்டது. படக்காரி பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முழுக்க ஓடிப்போனவன் பொண்ணு என்ற பெயரோடுதான் படித்தாள்.

அவள் அம்மா அன்றிலிருந்து ராத்திரியில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. திருடன் வரப்போகிறான் என்று சொன்னவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"ஓடிப்போனவருன்னா வரமாட்டாரு. அவரு ஓடல, அதனால வருவாரு. வேலை முடிஞ்சு களைச்சு வர்ற மனுஷன், கதவைத் தட்டிக்கிட்டா நிப்பாரு?"

அவர் வேலை முடிந்து வரும்போது சட்டையெல்லாம் சுரங்கத்தில் எரிக்கிற கார்பைட் விளக்கின் வாசம் அடிக்குமாம். பூண்டை நசுக்கினால் வருமே, அந்த வாசம். அப்பாவைப் பற்றிப் படக்காரிக்கு நிஜமாக நினைவில் இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது அந்த முற்றத்தை விற்கப் போகிறார்கள். வாங்குகிறவர்கள் கிடங்கு கட்டப் போகிறார்கள். அடியில் பள்ளம் கிள்ளம் ஒன்றுமில்லை என்று படம் காட்டினால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். வேலை அவளுடைய ஆபீசுக்கு வந்தது. நான் போகிறேன் சார் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் யார் மகள் என்று ஆபீசருக்குத் தெரியாது. விற்கிறவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, வேலியைத் தாண்டி வண்டி போகக் கூடாது.

முற்றம் முழுக்கக் கோடு கோடாக வண்டி தள்ளினாள். படங்களைத் துடைத்தாள். நிறம் கொடுத்தாள். திரையில் பார்த்தால்... ஒன்றுமில்லை. சின்னச் சின்னக் கற்கள், ஒரு பழைய குழாய், மற்றபடி சுத்தமான மணல். சரிவும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆபீசர் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். அப்போ ஊர் சொன்னது நிஜம்தானா... இந்த மனுஷன் எங்களை விட்டுவிட்டு ஓடித்தான் போனாரா... அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவள் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அம்மா வந்து, அந்தக் கையை எடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தது.

முற்றத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. வண்டியை அதில் வைத்துப் பூட்டுவார்கள். காலையில் பூட்டைத் திறந்து இயந்திரத்தைப் போட்டால், அதில் ஒரு கோடு அதிகமாக இருந்தது. அவள் தள்ளாத கோடு. பதிவான நேரம் நடு ராத்திரி.

படத்தைத் திறந்தாள். எல்லாமே தாறுமாறாக இருந்தது. மேலே இருக்கவேண்டியது அடியில் கிடந்தது. சும்மா ஒரு ஆத்திரத்தில் படத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டாள். புரட்டியதும் அந்தக் குழாயின் வளைவு அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மேல்தரையில் நான்கு சின்னப் புருவங்கள். வரிசையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கொட்டகைக்குள் நிற்கிற வண்டியின் நான்கு சக்கரங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டாள்.

இது மேலேயிருந்து கீழே பார்த்த படம் இல்லை... கீழேயிருந்து மேலே பார்த்த படம்.

அதில் இன்னொன்றும் இருந்தது. மண்ணுக்கு நடுவில் தடியாக ஒரு பட்டை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அவள் தன்னுடைய பழைய படங்களை எடுத்து, கழித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துப் பார்த்தாள். அதே பட்டை, ஒவ்வொன்றிலும். முற்றம் முழுக்க ஒரு கான்கிரீட் தளம் ஊற்றி மூடியிருக்கிறார்கள். எங்கும் ஒரே மாதிரி இருந்ததால் முனகலோடு முனகலாக அதுவும் கழிந்துவிட்டது. கழித்தது யார்? அவளேதான். தன் கையாலேயே அப்பாவின் மேல் இன்னொரு தடவை மண் அள்ளிப் போட்டது போல இருந்தது அவளுக்கு.

ஆபீசரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பட்டை என்றால் இயந்திரத்தின் முனகல், பள்ளிக்கூடப் பாடம் அது என்றார். அதிகமாக வந்த கோடு இயந்திரக் கோளாறு, அழித்துவிடு என்றார். நாளை மறுநாள் வாங்குகிறவர்கள் வருகிறார்கள், சுத்தமான படத்தைத்தான் காட்டப் போகிறோம்.

"ஏம்மா, நடு ராத்திரியில பேய் எடுத்த படத்தையா நான் அவங்களுக்குக் காட்டறது?"

"அப்ப மூலையிலேருந்து என் பேரை எடுத்துடுங்க சார்."

எடுக்கமுடியாது, எடுத்தால் உன் வேலையும் சேர்ந்து போகும் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வண்டியைப் பூட்டும்போது பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். கோளாறு என்றால் பேட்டரி இல்லாத இயந்திரம் எப்படிக் கோளாறு பண்ணும், பார்த்துவிடலாம் என்று. காலையில் பேட்டரியை மாட்டினாள்... இன்னொரு கோடு இருந்தது.

அதனால்தான் அன்று ராத்திரி பதினொன்றரைக்கு அந்தச் சாலையில் ஸ்கூட்டர். பேட்டரி பைக்குள். இப்போது வேண்டுமானால் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டைத் திறந்து உள்ளே போனாள். டார்ச் அடிக்கவில்லை. முற்றத்தின் நடுவில் போய் நின்றாள். மணல் இன்னும் பகல் சூட்டில் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அந்தத் தகரம்கூடச் சும்மா ஆகிவிட்டது.

முதலில் வாசம்தான் வந்தது. பூண்டு. யாரோ பக்கத்தில் நின்று நசுக்குவது போல...

பிறகு சத்தம். டிக்... டிக்... டிக்... அவளுடைய வண்டிச் சக்கரத்தின் சத்தம். வண்டி கொட்டகைக்குள் பூட்டிக் கிடக்கிறது, சத்தம் அவள் கால் அடியிலிருந்து வருகிறது. நிதானமாக நடந்து வருகிறது. அவளைக் கடந்து வேலிப் பக்கம் போயிற்று. அவளும் மேலேயே கூடப் போனாள். வேலிக்கு வந்ததும் நின்றது. வேலியைத் தாண்டவில்லை. திரும்பியது. வந்த வழியே வந்து... சரியாக அவள் உள்ளங்காலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

பயந்தாளா என்று கேட்டால், பயந்தாள். அவளே அதை நண்பனிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்ததாம். கீழே நிற்கிறவர் மேல் இல்லை. மேலே இருக்கிற எல்லார் மேலும். குதிகாலைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தாள். டொக், டொக்.

கீழேயிருந்து பதில் வந்தது. டொக்... டொக்.

அவள் வேலிக்கு வெளியே சாலைக்குப் போய் அடித்துப் பார்த்தாள். பதில் இல்லை. உள்ளே வந்து அடித்தாள். வந்தது. மறுபடி வெளியே போனாள். ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது, அவர் ஏன் வேலியிலேயே திரும்பிவிடுகிறார் என்று. தளம் அங்கே முடிகிறது. அதற்கு மேல் கெட்டி மண். அவரால் அங்கிருந்து போகமுடியாது. ஆனால் அவளால் முடியும்.

உள்ளே வந்து, வேலி ஓரம் மணலில் அப்படியே உட்கார்ந்தாள். குனிந்து, தரையிடம் சொன்னாள்.

"ஓடிப்போனவன் பொண்ணுன்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் எங்கயும் ஓடல, இங்கதான் இருக்கேன். நீங்க ஓடலன்னு காட்டாம போகவும் மாட்டேன்."

விடிகிறவரை அங்கேயே இருந்தாள். காலையில் பேட்டரியை மாட்டிப் பார்த்தபோது, அன்றைய கோட்டில் வேலி ஓரம் மேல்தரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் புருவங்கள் இருந்தன. ஒரு ஜோடிக் கால். அவளுடைய கால்கள்.

அன்றைக்குத்தான் வாங்குகிறவர்களும் வந்தார்கள். விற்கிற தரப்பிலிருந்து ஒரு ஆள், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு. கொட்டகை நிழலில் திரையைக் கட்டி ஆபீசர் சுத்தமான படத்தைக் காட்டினார். பாருங்கள், துளிப் பள்ளம் இல்லை என்றார். படக்காரி எழுந்தாள். கழிக்காத படத்தைப் பற்றிச் சொன்னாள். அது வெறும் இயந்திரத்து முனகல், புது ஆட்களுக்கு இப்படித்தான் குழம்பும் என்று ஆபீசர் சிரித்துச் சமாளித்தார்.

"எந்திரத்தோட முனகல்னா, எந்திரம் போற எடமெல்லாம் முனகணும் இல்லையா சார்?" என்றாள்.

ஆபீசருக்கு அது புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்ததாம். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். டிக் டிக் டிக். வந்தவர்கள் அவளுக்குப் பக்கத்திலேயே வண்டித் திரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். பட்டை கூடவே வந்தது, தடியாக, மாறாமல். கேட்டுக்கு வந்தாள். சட்டை மடிப்புக்காரர் குறுக்கே நின்றார்.

"வெளிய சர்வே பண்ண அனுமதி இல்லம்மா."

"ரோட்டுல நடக்கறதுக்கு யாருகிட்டங்க அனுமதி வாங்கணும்?"

அவர் கால்மேல் சக்கரம் ஏறுகிற நிலைமை வந்ததும் அவரே நகர்ந்துகொண்டார். வண்டி கேட்டைத் தாண்டியது. பட்டை அறுந்தது. கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி. வெளியே வெறும் மண். வண்டியைப் பின்னால் இழுத்தாள், பட்டை வந்தது. வெளியே தள்ளினாள், போயிற்று. மறுபடி இழுத்தாள், மறுபடி வந்தது. கடைசியில் வாங்குகிறவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தோண்டிப் பார்க்காமல் வாங்குவதாக இல்லை என்றார்.

தோண்டினார்கள். போலீஸ் நிற்க, அதிகாரிகள் நிற்க, தளத்தை உடைத்தார்கள். அடியில் சரிவு இருந்தது. கூரை ஒரு பக்கம் இடிந்து வழியை அடைத்திருந்தது. இன்னொரு பக்கம்தான் ஆட்கள் வெளியே வந்திருக்கவேண்டிய பக்கம், அந்தப் பக்கத்தைத்தான் ராவோடு ராவாகக் கான்கிரீட் ஊற்றி மூடியிருக்கிறார்கள். விசாரணை வரும் என்று பயந்து. ஓடினார்களாம்... யார் ஓடினார்கள்? அத்தனை பேரும் உள்ளேதான் இருந்தார்கள். ஒரு ஆள் குறையவில்லை. சரிவின் தரையில், ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை, நேராக ஒரு தடம் இருந்தது. காலம் காலமாக ஒரே ஆள் நடந்து நடந்து இறுகிப்போன தடம். மேலே படிந்த தூசி எங்கும் விரல் கனம் இருந்ததாம், அந்தத் தடத்தில் மட்டும் இல்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் கிடத்தியிருந்தவர்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றாள். இடுப்பு வாரில் ஒரு ஓட்டை அதிகமாக இருந்தது, கொஞ்சம் கோணலாக. அவர் இளைத்துப்போனபோது அவள்தான் ஆணி வைத்து அடித்துக் கொடுத்தாளாம். அங்கே அவள் அழவில்லை. கூட நின்ற ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த ராத்திரி, அம்மா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு, முதல் தடவையாக. துரு ஏறியிருந்தது, க்றீச் என்றது. எல்லாரும் வந்தாயிற்று என்பது போலக் கையைத் தட்டிக்கொண்டு போய்ப் படுத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

முற்றத்தைப் போலீஸ் பூட்டிவிட்டதால் வண்டி வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தது. பேட்டரி இல்லாமல். காலையில், திருப்பிக் கொடுக்கப் போகிறோமே என்று படக்காரி பேட்டரியை மாட்டி இயந்திரத்தைப் போட்டுப் பார்த்தாள்.

ஒரு கோடு அதிகம்.

தலைகீழாகப் புரட்டினாள். தெருவில் ஆரம்பித்திருந்தது. வாசல் படி. கூடம். வண்டியின் நான்கு சக்கரங்கள். அப்புறம் அம்மாவின் அறை... கட்டில் கால்கள் நான்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் புருவங்கள். ஒரு ஜோடிக் கால். கோடு அங்கேயே நின்றுவிட்டது. முற்றத்தில் ஒவ்வொரு ராத்திரியும் போய்த் திரும்பிய கோடு, இங்கே திரும்பவில்லை.

அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கால் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். சுவர்ப் பக்கம் என்றாள் மகள். அந்தக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழைய இடம் கிடையாது. அவரு எப்பவும் அந்தப் பக்கந்தான் படுப்பாரு என்றாள் அம்மா. படக்காரி விறுவிறுவென்று போய், அவர் போவதற்கு வழியாக இருக்கட்டும் என்று தாழ்ப்பாளில் கை வைத்தாள். அம்மா எழுந்து வந்து, முன்பு போலவே அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"எடுக்காத. இத்தன வருஷமா தொறந்தே போட்டிருந்தேன், வந்துட்டாரு. இனி எதுக்குத் தொறக்கணும்?"

போன மாதம் என் நண்பன் பெரியம்மாவைப் பார்க்கப் போனான். பட்டப்பகல். படக்காரி வெளியூரில் வேலையாக இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. தட்டினான். உள்ளே நிதானமாக யாரோ நடந்து வருகிற சத்தம். தாழ்ப்பாள் க்றீச் என்றது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை... பூண்டு வாசம் மட்டும் வந்தது.

அப்போது பின்னால் படியில் காலடி கேட்டது. திரும்பினான். கையில் கடைப் பையோடு பெரியம்மா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"தொறந்துட்டாரா?" என்றாள். "அப்ப உள்ள போய் உக்காருடா."